ஒரு சாண் இடைவெளி: சாலையில் தட ஒழுங்கு ஏன் உயிர் காக்கிறது?

விபத்துப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுவோர் பேசும் நிலையில் இருந்தால், அவர்களிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "எப்படி அடிபட்டது?" என்பது. வெறும் ஆர்வத்தினால் கேட்பதன்று இது. விழுந்த விதம் தெரிந்தால், வெளியே தெரியாத காயம் உடலின் எப்பகுதியில் இருக்கக்கூடும் என்பதை ஊகிக்க இயலும். இருசக்கர வாகனத்தில் வந்து விழுந்தவர்களிடமிருந்து இக்கேள்விக்கு அடிக்கடி கிடைக்கும் விடை ஒன்று உண்டு: "நான் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்த வண்டி திடீரென்று ஒடித்துவிட்டது."

இந்த விடையில் அதிவேகம் இல்லை, குடிபோதை இல்லை, இரவு நேரமும் பெரும்பாலும் இல்லை. நெரிசல் மிகுந்த சாலையில் ஒரு வாகனம் தன் தடத்தை விட்டு ஓர் அடி விலகியிருக்கிறது, அவ்வளவே. அந்த ஓர் அடி ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் மருத்துவமனையில் உட்கார வைத்துவிடுவதை நாங்கள் காண்கிறோம். ஆகவே இவ்விதழில் தட ஒழுங்கைப் பற்றிச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தடம் என்பது எவ்வளவு இடம்?

நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் ஒரு தடத்தின் வழக்கமான அகலம் 3.5 மீட்டர். அதில் செல்லும் ஒரு நடுத்தரக் கார் ஏறத்தாழ 1.7 மீட்டர் அகலம் உடையது. கார் தடத்தின் நடுவே சென்றால் இருபுறமும் 90 சென்டிமீட்டர் அளவுக்கே இடம் எஞ்சும். இருசக்கர வாகனத்தின் கைப்பிடியோ ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அகலம். எனவே ஒரே தடத்தில் காரின் பக்கவாட்டில் நுழையும் இருசக்கர வாகனத்துக்கு மிஞ்சுவது 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளி. பேருந்தின் அருகில் அதுவும் இல்லை. 2.5 மீட்டர் அகலமுள்ள பேருந்து தடத்தின் நடுவே செல்லும்போது பக்கத்துக்கு அரை மீட்டரே மிஞ்சும். அதற்குள் எந்த இருசக்கர வாகனமும் அடங்காது.

தடக் கோடு வரையப்பட்டதன் நோக்கமே இந்தச் சாண் இடைவெளியை நம்பி யாரும் வண்டி ஓட்ட நேரக்கூடாது என்பதுதான். விட்டுவிட்டு வரையப்பட்ட வெள்ளைக் கோட்டைப் பாதுகாப்பான நிலையில் கடந்து தடம் மாறலாம். தொடர் கோட்டைக் கடக்கலாகாது. கோட்டின் வகை எதுவாயினும் அது சொல்லும் செய்தி ஒன்றே: அடுத்திருப்பவர் எங்கே இருப்பார் என்பது எனக்குத் தெரியும், நான் எங்கே இருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு நொடியில் நடப்பது

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. தடையைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்துவதற்கு ஓட்டுநருக்கு 2.5 நொடி தேவைப்படும் என்று கொண்டே சாலைப் பொறியாளர்கள் கணக்கிடுகின்றனர். அதற்குள் வாகனம் 42 மீட்டர் சென்றிருக்கும். முன்னே பத்து மீட்டர் தொலைவில் ஒரு வண்டி சைகை ஏதுமின்றித் தடம் மாறிக் குறுக்கே வந்தால், பின்னால் வருபவர் எவ்வளவு திறமையானவராயினும் அவருக்குப் போதிய நேரம் இல்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் நிகழ்ந்த விபத்துகளுள், பின்னாலிருந்து மோதும் வகையே மிகுதி. ஏறத்தாழ ஐந்தில் ஒரு விபத்து அவ்வகையைச் சேர்ந்தது. அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் இதுவே மாநிலங்களுள் முதலிடம். அவ்விபத்துகளில் உயிரிழந்தோர் 17,884 பேர்.

இருசக்கர வாகனத்துக்கு நேரடி மோதல்கூடத் தேவையில்லை. கைப்பிடியில் சிறிய உரசல் ஏற்பட்டாலே முன்சக்கரம் ஒருபுறம் திரும்பி, ஓட்டுபவர் மறுபுறம் தூக்கி எறியப்படுவார். விழுந்த இடத்தில் அடுத்து வருவது எந்த வாகனம் என்பதைப் பொறுத்தே அவருடைய எதிர்காலம் அமைகிறது.

நாங்கள் காணும் காயங்கள்

பக்கவாட்டு உரசலில் விழுந்தவர்களிடம் நாங்கள் குறிப்பாகத் தேடும் காயங்கள் நான்கு.

முதலாவது, தலைக்காயம். மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே இரத்தக் கசிவு ஏற்பட்டவர், தொடக்கத்தில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்து, சில மணி நேரத்துக்குப் பின் மயக்கமுறக்கூடும். ஆகவே "எழுந்து நடந்தார், நன்றாகப் பேசினார்" என்பதைக் கொண்டு அமைதி அடைந்துவிடலாகாது. தொடர் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழ இயலாத உறக்கம், காது அல்லது மூக்கின் வழியே நீர் போன்ற கசிவு, வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வரவேண்டும்.

இரண்டாவது, தோள்பட்டை நரம்புப் பின்னலில் ஏற்படும் காயம். விழும்போது தலை ஒருபுறமும் தோள் மறுபுறமுமாக இழுக்கப்பட்டால், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் நீண்டு அறுபடக்கூடும். எலும்பு முறிவே இல்லாமல் கை முழுவதும் செயலற்றுப் போவதுண்டு. இக்காயத்துடன் வருவோருள் பலர் உழைக்கும் வயதினர். அக்கையின் உழைப்பை நம்பிக் குடும்பம் இருக்கிறது.

மூன்றாவது, முன்கால் எலும்பின் முறிவு. முழங்காலுக்குக் கீழே முன்புறத்தில் எலும்புக்கும் வெளியுலகுக்கும் இடையே தோல் மட்டுமே உண்டு. ஆதலால் அங்கு முறியும் எலும்பு எளிதில் தோலைக் கிழித்து வெளியே வரும். மண்ணும் கிருமியும் உட்புகும். எலும்பு கூடுவதற்குப் பல மாதங்கள் ஆகும்.

நான்காவது, வயிற்றில் கைப்பிடி குத்துவதால் ஏற்படும் உட்காயம். தோலில் சிறு கன்றல் மட்டுமே தெரியும். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து மெல்ல இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்.

அடுத்த தடம் ஏன் வேகமாகத் தோன்றுகிறது?

தடம் மாறிக்கொண்டே செல்வோர் யாவரும் முரடர்கள் அல்லர். நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு மயக்கம் இதில் பங்கு வகிக்கிறது. கனடாவைச் சேர்ந்த மருத்துவர் டொனால்டு ரெடெல்மையரும் புள்ளியியல் அறிஞர் ராபர்ட் திப்ஷிரானியும் 1999ஆம் ஆண்டில் 'நேச்சர்' ஆய்விதழில் இதை விளக்கினர். இரண்டு தடங்களின் சராசரி வேகம் ஒன்றாகவே இருப்பினும், ஓட்டுநருக்கு அடுத்த தடமே வேகமாகத் தோன்றுகிறது.

காரணம் எளியது. நாம் முந்தும்போது, மெதுவாக நெருங்கி நிற்கும் வாகனங்களைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறோம். நம்மைப் பிறர் முந்தும்போது, அவ்வாகனங்கள் இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் அது நெடுநேரம் நீடிக்கிறது. மேலும், நாம் முந்திய வண்டி கண்ணை விட்டு மறைகிறது. நம்மை முந்திய வண்டியோ எதிரே நின்று உறுத்துகிறது. எனவே நாம் தோற்றுக்கொண்டிருப்பதாகவே மனம் எண்ணுகிறது.

இதில் கிடைக்கும் ஆதாயத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்துக் கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் சராசரியில் கடக்க 20 நிமிடம் ஆகும். ஓயாது தடம் மாறி அச்சராசரியை 33 ஆக உயர்த்தினாலும் மிச்சமாவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவே.

கோடு போடச் சொன்ன மருத்துவர்

சாலையின் நடுவே கோடு வரையும் வழக்கம் நூற்றாண்டுக்குச் சற்று மேலான வயதுடையது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1911ஆம் ஆண்டிலேயே அது தொடங்கியது. கலிஃபோர்னியாவில் அதற்காக வாதாடியவர் ஒரு மருத்துவர். இண்டியோ என்னும் ஊரில் மருத்துவம் பார்த்துவந்த ஜூன் மெக்கரால் அம்மையார், 1917ஆம் ஆண்டில் தம் காரில் சென்றுகொண்டிருந்தபோது எதிரே வந்த லாரியால் சாலையை விட்டே இறங்க நேர்ந்தது. சாலையின் நடுவே ஒரு கோடு இருந்தால் ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்தில் செல்வர் என்று அவர் அதிகாரிகளிடம் எடுத்துரைத்தார். அவர்கள் செவிசாய்க்காததால், தம் வீட்டருகே செல்லும் சாலையில் தாமே கோடு வரைந்தார். பிறகு மகளிர் அமைப்புகளின் துணையோடு விடாது முயன்றார். 1924ஆம் ஆண்டில் மாநில நெடுஞ்சாலை ஆணையம் அவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. காயத்துக்குக் கட்டுப்போடுவதோடு மருத்துவரின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

ஆம்புலன்சுக்கு வழி

தட ஒழுங்கின் அருமை ஒலிப்பானுடன் ஆம்புலன்ஸ் வரும்போது முழுமையாகத் தெரியும். வாகனங்கள் வரிசையில் நிற்கும் சாலையில், ஒவ்வொருவரும் சற்றே இடப்புறம் ஒதுங்கினால் வழி பிறக்கும். நான்கு வரிசை நிற்கவேண்டிய இடத்தில் ஆறு வரிசை நெருக்கி நிற்கும்போது, வழிவிட வேண்டும் என்னும் மனம் இருந்தும் ஒதுங்குவதற்கு இடம் இராது. கடுங்காயம் அடைந்தவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சையே உயிரைக் காக்கும் வாய்ப்பு மிகுந்தது. அதனை 'பொன்னான நேரம்' என்று மோட்டார் வாகனச் சட்டமே வரையறுத்துள்ளது. அவசர ஊர்திக்கு வழிவிடாதவர்க்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது.

நம் வாயிலிலேயே நடப்பது

ஒன்றை மனவருத்தத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது. சாலையின் நடுத்திட்டில் திறப்பு சற்றுத் தொலைவில் இருப்பதால், மருத்துவமனை வாயிலுக்கு எதிர்த்திசையில் வரும் வாகனங்களை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். நோயாளியைக் காணும் பதற்றம் எங்களுக்குப் புரியாததன்று. ஆயினும் எதிர்த்திசையில் வருபவரை எவரும் எதிர்பார்ப்பதில்லை. மோதும்போது இரு வாகனங்களின் வேகமும் ஒன்று சேர்கிறது. உள்ளே படுத்திருப்பவரைக் காண வந்தவரையே தள்ளுபடுக்கையில் ஏற்ற நேர்வது எங்களுக்கு மிகுந்த வேதனை தருவது. சுற்றி வருவதற்கு ஆகும் சில நிமிடங்களை அருள்கூர்ந்து செலவிடுங்கள்.

நோயாளிகளும் குடும்பத்தினரும் கவனிக்க வேண்டியவை

• உங்கள் உறவினரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்சைப் பின்தொடர்ந்து விரையாதீர்கள். அதற்குக் கிடைக்கும் வழி உங்கள் வண்டிக்குக் கிடைக்காது. நிதானமாக வந்து சேருங்கள். சிகிச்சை அதற்குள் தொடங்கியிருக்கும்.

• மயக்க மருந்து பெற்றவர் குறைந்தது 24 மணி நேரம் எந்த வாகனத்தையும் ஓட்டலாகாது. கண் பரிசோதனைக்காகப் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து இடப்பட்டவர் பார்வை தெளியும் வரை ஓட்டலாகாது.

• சளி, ஒவ்வாமை, வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கான சில மருந்துகள் உறக்கம் தரும். உறக்கம் அழுத்தும்போது வாகனம் தன்னையறியாமல் கோட்டைத் தாண்டி ஊசலாடும். அவ்வாறு ஒருமுறை நேர்ந்தாலும் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். உங்கள் மருந்து அத்தகையதா என்று மருந்தாளுநரிடம் கேட்டறியுங்கள்.

• இரவெல்லாம் நோயாளியின் அருகில் கண்விழித்தவர் காலையில் தாமே வண்டி ஓட்டிச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். பேருந்தோ ஆட்டோவோ பாதுகாப்பானது.

• தடம் மாறுமுன் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள்; சைகை விளக்கைப் போடுங்கள்; கண்ணாடியில் தெரியாத பகுதியைத் தலை திருப்பி நோக்குங்கள்; அதன்பின் மெல்ல மாறுங்கள். சைகை காட்டியதாலேயே வழி கிடைத்துவிட்டதாக எண்ணலாகாது.

• இருசக்கர வாகனத்தில் செல்வோர் பேருந்து, லாரி ஆகியவற்றின் இடப்பக்கத்தில், குறிப்பாகத் திருப்பங்களில், நுழைய வேண்டா. ஓட்டுநரின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருமே தலைக்கவசம் அணிந்து, வாரை இறுக்கிக் கட்டுங்கள்.

• விபத்தைக் கண்டால் 108ஐ அழையுங்கள். நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் முதல் நடத்தி வருகிறது.

கோடு அழிந்த சாலைகளும், தடத்தை மறித்து நிறுத்தப்படும் வாகனங்களும், குழிகளும் நம் ஊரில் உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அவற்றைச் சீர்செய்வது உரியவர்களின் கடமை. ஆனால் அடுத்தவருக்கு ஒரு சாணுக்கு மேல் இடம் விடுவது இன்றே, இப்போதே, நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. இன்று வீடு திரும்பும் வழியில் உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வரும் முகம் தெரியாத ஒருவருக்கு அந்த இடத்தை விட்டுக் கொடுங்கள். அவரை நாங்கள் சந்திக்க நேராதிருப்பதே எங்களுக்கு மகிழ்ச்சி.