காலக் கணக்கு

பொருளை வீணே செலவு செய்பவன் தன் பை வெறுமையாதல் கண்டேனும் திருந்துவான். காலத்தை வீணாக்குபவனுக்கோ அவ்வெறுமை புலப்படுவதில்லை. இன்றைய பொழுதை இழந்தவனுக்கும் நாளை 24 மணி நேரம் குறைவின்றிக் கிடைக்கின்றது. ஆதலின், தான் இழந்தமையை அவன் உணர்வதில்லை. கருமஞ் செய்வோரிடத்துள்ள காலக்கேட்டினை நீக்குதலினும் அதனை இன்னதென அறிதலே அரிதென்பது இதனாற் பெறப்படும்.

திருவள்ளுவர் மடியின்மை என்னும் அதிகாரத்திலே, நீட்டித்தல், மறதி, மடி, துயில் என்னும் நான்கினையும் கெடுவோர் விரும்பும் கலமாகக் கூறினார். கலம் என்பதற்கு மரக்கலம் எனப் பொருளுரைத்தார் பரிமேலழகர். ஏறுங்கால் இனிதாயிருந்து இடைக்கடலிற் கைவிடுவது அக்கலம். இந்நான்கனுள் மடியையும் துயிலையும் பிறர் கண்டு இடித்துரைப்பர். நீட்டித்தலோ உழைப்பின் வேடம் பூண்டு வருவது. அரியதொரு கடிதத்துக்கு விடையெழுத வேண்டிய இலிகிதர், எளிய கடிதங்கள் பத்தினை முதலில் எழுதி முடிக்கின்றார். மேசையை ஒழுங்கு செய்கின்றார். கோவைகளை அடுக்கி வைக்கின்றார். அவர் ஒரு கணமேனும் சோம்பியிருந்தாரல்லர். ஆயினும் செய்யவேண்டியது செய்யப்படவில்லை. ஒன்றை முடியாமலே மற்றொன்றைத் தொடங்குதலும், நீண்ட ஓய்வு வாய்க்கும்போது செய்வோமெனக் காத்திருத்தலும் இவ்வேடத்தின் வேறு வகைகளாம்.

இக்குறையுடையார் திருந்துதல் கூடுமோவெனின், கூடுமென்பதற்கு ஆங்கில நாவலாசிரியர் அந்தனி திறொலொப்பின் வாழ்க்கை சான்றாகும். 1815இற் பிறந்த அவர், 1834இல் இலண்டன் தலைமைத் தபாற் கந்தோரிலே இலிகிதராய் அமர்ந்தார். அங்குக் கழித்த ஏழாண்டுகளும் நேரந்தவறி வருபவரென்னும் அவப்பெயரையே அவருக்கு ஈட்டின. 1841இல் அயர்லாந்துக்கு மாற்றம் பெற்றபோது, அவரைப்பற்றிய தீய அறிக்கையும் அங்குச் சென்றது. எனினும் புதிய மேலதிகாரி, அவருடைய செயலைக்கொண்டே அவரை மதிப்பிடுவதாகக் கூறினார். ஓராண்டுக்குள் அவர் நல்ல உத்தியோகத்தரெனப் பெயர் பெற்றார்.

தபாற் சேவையிலிருந்துகொண்டே அவர் நாவல்களும் எழுதினார். காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமரவேண்டித் தம்மை எழுப்பும் வேலைக்காரனுக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்வைத்து, கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்னும் அளவில் எழுதினார். புகைவண்டிப் பயணத்தையும் எழுத்துக்குப் பயன்படுத்தினார். இவற்றினும் மேலானது அவர் வைத்திருந்த நாட்குறிப்பு. ஒவ்வொரு நூலையும் தொடங்கும்போதே அதற்குரிய காலத்தை வாரங்களாக வகுத்து, அன்றன்று எழுதிய பக்கத்தொகையைப் பதிந்து வந்தார். எழுதாது விட்ட நாளும் அங்கே பதிவாகி அவரை நாணச் செய்தது. 1867இற் சேவையினின்றும் விலகி, 1882இல் மறைந்த அவர், 47 நாவல்களை விட்டுச் சென்றார்.

1883இல் வெளிவந்த அவருடைய சுயசரிதத்தைப் படித்தோர் சிலர், கடிகாரம் பார்த்து எழுதுவதும் கலையாமோவென எள்ளினர். கடிகாரம் கற்பனையைத் தாராதென்பது மெய்யே. ஆயினும் எழுதுவோன் மேசையில் இல்லாதபோது வரும் கற்பனையாற் பயன் யாது?

இம்முறை நாவலாசிரியருக்கு மாத்திரம் உரியதன்று. 40 மாணவரின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தவேண்டிய ஆசிரியர் ஒருவர், ஓய்வு நாளுக்கென அவற்றை ஒதுக்கி வைக்கின்றார். ஞாயிறு இரவிலே விரைந்து புள்ளியிடுகின்றார். பிழையைச் சுட்ட நேரமில்லை. நாளுக்கு எட்டாகத் திருத்தியிருப்பின் ஐந்து நாளிற் பணி முடிந்திருக்கும்.

ஆதலின், திருந்த விரும்புவோர் முதலில் ஒரு வாரத்துக்கேனும் தம் பொழுது சென்ற வழியை மணிதோறும் ஒளிக்காது எழுதுக. அக்கணக்கே குறையை அறிவிக்கும். அடுத்து, அரிய கருமத்தை உள்ளந் தெளிந்த வேளையில் முதற்கண் செய்க. பெருங்கருமத்தை நாளுக்கு இவ்வளவென வகுத்துக்கொள்க. ஓய்வுக்கும் உரிய நேரத்தை ஒதுக்குக. ஓய்வின்றி உழைப்பவன் சின்னாளில் முறையையே கைவிடுவான்.

காலத்தை வீணாக்குவோர் தமக்கு மாத்திரம் தீங்கு செய்வோரல்லர். திருத்தப்படாத கொப்பியின் பிழையை மாணவன் சுமக்கின்றான். விடையெழுதப்படாத கடிதத்தின் துன்பத்தை முன்பின் அறியாத ஒருவர் சுமக்கின்றார். இவ்வுண்மையை நினைவிற்கொள்வோர்க்குக் காலக் கணக்கு எழுதுதல் பாரமாகத் தோன்றாது.