ஊர்ப் பள்ளிக்கூடமும் விளையாட்டுப் போட்டியும்

பலேர்மோவுக்குப் புதிதாக வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பெற்றோர், முதல் வருடம் முடிவதற்குள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இங்கே விளையாட்டுப் போட்டி எப்போது வைப்பார்கள்?" ஊரில் தை, மாசி பிறந்தால் பள்ளிக்கூட மைதானமெல்லாம் கொடி கட்டி நிற்கும். இங்கே அந்த மாதங்கள் சத்தமில்லாமல் போய்விடும். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் உடற்பயிற்சிப் பாடம், அவ்வளவுதான். இத்தாலியில் விளையாட்டு பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, சங்கங்களின் கையில் இருக்கிறது. அதற்கு எப்படிப் பிள்ளையைச் சேர்ப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்ட கதையை இங்கே வளரும் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

விளையாட்டை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தது மிஷன் பள்ளிக்கூடங்கள். யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 இல் தொடங்கிய துடுப்பாட்டம்தான் இன்று 'வடக்கின் பெரும்போர்' என்று பேர் பெற்றிருக்கிறது. சம்பத்திரிசியார் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான 'பொன் அணிகளின் போர்' 1917 இல் தொடங்கியது. இதே காலத்தில் பலேர்மோவிலும் இதே கதைதான். இந்த நகரத்தின் உதைபந்தாட்டக் கழகம் 1900 இல் பிறந்தபோது அதன் முதல் தலைவர் ஜோசப் விற்றேக்கர், இங்கே வியாபாரம் செய்த ஆங்கிலக் குடும்பத்துக்காரர். ஆங்கிலேயர் கப்பல் போன இடமெல்லாம் பந்தும் போயிருக்கிறது.

பெரும்போர்களைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டன. ஊர்ப் பள்ளிக்கூடங்களின் போட்டிகளைப் பற்றி அப்படி யாரும் எழுதவில்லை. எங்களில் அநேகம் பேர் படித்தது அந்தப் பள்ளிக்கூடங்களில்தான்.

பட்டினத்துக் கல்லூரிகளுக்கு மைதானம் இருந்தது, பயிற்றுநர் இருந்தார், பழைய மாணவர்களின் பணம் இருந்தது. கிராமத்துக்கு இவை மெல்ல மெல்லத்தான் வந்தன. கன்னங்கராவின் காலத்தில், 1940களில், கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் கட்டப்பட்டன. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. பிள்ளைகள் தொகையாய்ச் சேர்ந்தார்கள். மைதானம் தானாகவே தேவைப்பட்டது. பல ஊர்களில் பெற்றோரும் ஊராரும் காணி கொடுத்து, பற்றை வெட்டி, மண் நிரவித்தான் மைதானம் உண்டானது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910 இல் தெல்லிப்பழையில் தொடங்கிய மகாஜனாக் கல்லூரி, ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்தே உதைபந்தாட்டத்தில் பட்டினத்து அணிகளுக்குப் பயம் காட்டியது. அதன் அதிபர் ஜயரத்தினம் 1945 தொடக்கம் 1970 வரை ஒரே பள்ளிக்கூடத்தை நடத்தியவர். அப்படி நிலைத்து நின்ற ஒருவர் இல்லாமல் ஊரில் விளையாட்டு வளராது என்பது எங்கள் எண்ணம்.

இனிப் போட்டிகள் எப்படி நடக்கும் என்று சொல்கிறோம். முதலில் பள்ளிக்கூடத்துக்குள் இல்ல விளையாட்டுப் போட்டி. பிள்ளைகளை நாவலர் இல்லம், கம்பர் இல்லம் என்றோ, மிஷன் பள்ளிக்கூடம் என்றால் பழைய அதிபர்மாரின் பேரிலோ பிரிப்பார்கள். ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு நிறம், தென்னோலையும் சேலையும் கொண்டு சோடித்த ஒரு கொட்டில். அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி, சுண்ணாம்புக் கோட்டின் மேல் ஓட்டம், பழைய மாணவர் ஓட்டம், கடைசியில் பரிசளிப்பு. அதற்குச் சில நாள் முன்பே மரதன் ஓட்டம் ஊர் ஒழுங்கைகளில் போய் முடிந்திருக்கும். வீட்டு வாசலில் நின்று வாளியில் தண்ணீர் ஊற்றும் அம்மாக்களும் அந்தப் போட்டியில் ஒரு பங்கு. ஓடி வந்தவர்களுக்குத் தோடம்பழம் பிளந்து கொடுப்பார்கள், ஆளுக்குக் கால் பழம். இங்கே சந்தையில் கிலோக் கணக்கில் தோடம்பழம் வாங்கும்போது அந்தக் கால் பழத்தை நினைக்காதவர் எங்களுக்குள் குறைவு.

அதில் வென்றவர்கள் கோட்ட மட்டத்துக்குப் போவார்கள். அங்கிருந்து வலய மட்டம். யாழ். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து வலயங்கள். அதற்கு மேலே மாகாணம், அதற்கும் மேலே தேசிய மட்டம். வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் ஒரே மைதானத்தில் சந்தித்தார்கள். 2007 தொடக்கம் மாகாணங்கள் பிரிந்தபடியால் அந்தச் சந்திப்பு தேசிய மட்டத்துக்குத் தள்ளிப்போனது. இது எங்களுக்கு இன்றும் மனக்குறை.

இந்த ஏணியில் ஒரு நல்ல குணம் இருந்தது. அளவு நாடாவும் நேரக்கணிப்பானும் பள்ளிக்கூடத்தின் பேரைக் கேட்பதில்லை. ஆறாம் வகுப்பு வரை மட்டும் உள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் பெரிய கல்லூரிப் பிள்ளைக்குப் பக்கத்துக் கோட்டில் நிற்கலாம். குறைகளும் உண்டு. வலயப் போட்டிக்கு பஸ் பிடிக்கக் காசில்லாமல் நின்ற பிள்ளைகள் இருந்தார்கள். ஓ.எல். வருடம் என்றால் "இனி ரியூசனுக்குப் போ" என்று மறித்தார்கள். பெண்பிள்ளை என்றால் வலயத்தோடு போதும் என்றார்கள். தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சிறிய சிறப்பு ஒதுக்கீடு இருக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாமலே போனது.

அந்த மண்ணிலிருந்து ஒருவர் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு நா. எதிர்வீரசிங்கம் சாட்சி. வலிகாமத்தின் வடகரையில் பெரியவிளானில் 1934 இல் பிறந்து, யாழ். மத்திய கல்லூரியில் படித்தவர். உயரம் பாய்தல் அவருடைய போட்டி. 1952 இல் ஹெல்சிங்கி, 1956 இல் மெல்பேர்ண் என்று இரண்டு ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தார். 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கப் பதக்கம் அதுதான். 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளி. 2024 இல், 89 வயதில், அமெரிக்காவில் காலமானார். எங்கள் பிள்ளைகளுக்கு இத்தாலிய உதைபந்தாட்டக்காரர் எல்லாரையும் தெரியும். இவர் பேரையும் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

பிறகு போர் வந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் எழும்பி ஓடியபோது பள்ளிக்கூடங்களும் சேர்ந்தே இடம்பெயர்ந்தன. மகாஜனாவும் யூனியன் கல்லூரியும் காங்கேசன்துறை நடேஸ்வராவும் வேறு ஊர்களில் போய் இயங்கின. கட்டடமும் மைதானமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணமே வெறுமையானது. ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளில் இரண்டு பள்ளிக்கூடங்கள் காலையும் மாலையும் மாறி மாறி நடந்தன. மற்றவை அகதி முகாமாயின. ஆனாலும் போட்டிகள் அடியோடு நிற்கவில்லை. இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்து மைதானத்தை ஒரு நாள் கடன் வாங்கிப் போட்டி வைத்தது. வெடிச்சத்தம் கேட்டால் சனம் பதறும் என்று எங்களை விசில் ஊதித்தான் ஓடவிட்டார்கள். மைதான ஓரத்தில் பங்கர் இருந்தது. பங்கருக்கு அப்பால்தான் நீளம் பாயும் மணல் கிடங்கு. இடம்பெயரும்போது பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் வைத்த பையில் வலய மட்டச் சான்றிதழையும் வைத்துக் கொண்டு வந்தவர்கள் பலேர்மோவிலும் இருக்கிறார்கள்.

2002 இல் ஏ-9 வீதி திறந்தபோது பிள்ளைகள் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ச் சுகததாச மைதானத்தில் ஓடினார்கள். 2006 ஆவணியில் வீதி மறுபடி பூட்டப்பட்டது. போர் முடிந்த பிறகே அந்த வழி திரும்பக் கிடைத்தது. நடேஸ்வராக் கல்லூரி தன் சொந்த நிலத்தைக் காண 2016 வரை, 26 வருடம், காத்திருந்தது. ஒரு பிள்ளை படித்து முடித்து, அதன் பிள்ளையும் படிக்கத் தொடங்கும் காலம் அது.

யாழ்ப்பாணத்தின் பெரிய போட்டிகள் நடக்கும் துரையப்பா விளையாட்டரங்கு, 1975 இல் கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பேரைத் தாங்கி நிற்கிறது. 1999 இல் அங்கே மண் கிண்டியபோது எலும்புக்கூடுகள் வந்தன. இந்திய உதவியோடு திருத்தப்பட்டு 2016 ஆனியில் மறுபடி திறந்தார்கள். பலேர்மோவில் பிள்ளைகள் ஓடும் 'ஸ்தாதியோ தெல்லே பால்மே'யும் அப்படியே: அது 1992 இல் கப்பாச்சியில் நீதிபதி ஃபல்கோனேயோடு குண்டுவெடிப்பில் இறந்த காவலர் வீத்தோ ஸ்கிஃபானியின் பேரில் இருக்கிறது. இரண்டு தீவிலும் ஓடுகளம் செத்தவர் பேரைச் சுமக்கிறது.

மகாஜனாவின் பேர் மறுபடி நாடு முழுக்கக் கேட்டது அனித்தா ஜெகதீஸ்வரனால். கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையைப் பலமுறை முறியடித்தவர். நல்ல கோலும் விழுவதற்கு மெத்தையும் இல்லாமல் இந்தப் போட்டி பழக முடியாது, இரண்டும் விலை கூடியவை. 'பெண்பிள்ளைக்கு வலயத்தோடு போதும்' என்று சொன்ன ஊர்களில் இன்று அந்தப் பேச்சு குறைந்திருக்கிறது என்றால் அதற்கு அவரும் ஒரு காரணம்.

இனி இங்கத்தைய விசயம். இத்தாலியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக 1960களின் கடைசியில் 'ஜோக்கி தெல்லா ஜொவெந்து' என்ற போட்டிகள் தொடங்கின. இடையில் நின்று, அண்மையில் புது வடிவத்தில் திரும்பியிருக்கின்றன. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடம் பங்குபற்றுகிறதா என்று உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேளுங்கள். ஒழுங்கான பயிற்சி வேண்டுமென்றால் சங்கத்தில்தான் சேர வேண்டும். வைத்தியச் சான்றிதழ் இல்லாமல் எந்தச் சங்கமும் எடுக்காது. சாதாரணப் பயிற்சிக்குப் பிள்ளையின் குடும்ப வைத்தியர் தருவார், இருதயப் பரிசோதனை கேட்பார். போட்டிக்கு ஓடுவதென்றால் விளையாட்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

"எங்களுக்கு இத்தாலியப் பிரஜாவுரிமை இல்லையே" என்று சிலர் தயங்குகிறார்கள். 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, பத்து வயதுக்கு முன்பிருந்தே சட்டப்படி இங்கே வசிக்கும் வெளிநாட்டுப் பிள்ளையை இத்தாலியப் பிள்ளையைப் போலவே சங்கத்தில் பதியலாம். பத்து வயதுக்குப் பின் வந்த பிள்ளைக்கும், ஒரு வருடமாவது இங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் பதிந்திருந்தால், 2021 இன் சட்டம் வழி விட்டிருக்கிறது. சங்கத்துக்குப் போகும்போது பள்ளிக்கூடப் பதிவுத் தாளைக் கையோடு கொண்டு போங்கள். புரட்டாதியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போதே பதிவும் தொடங்கும், இடம் கெதியாய் நிரம்பிவிடும்.