புகழ்வதுபோல் குத்துவது எப்படி?

1919இல் காரைக்குடிக்கு வந்த பாரதியார், இந்து மதாபிமான சங்கத்தைப் போற்றிப் பாட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பாட்டை இங்கே பலரும் அறிவார்கள். அதே பேனா எழுதிய 'சின்னச் சங்கரன் கதை'யை எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

கவுண்டனூர் ஜமீன்தாரும் அவரைச் சுற்றி மொய்க்கும் புலவர்களும் வரும் கதை, முற்றுப்பெறாமல் நின்றுபோனது. பாரதி அதில் ஜமீன்தாரைத் திட்டித் தீர்ப்பதில்லை. அவருடைய அன்றாடத்தைச் சக்கரவர்த்தியின் தோரணையில் வருணித்துக்கொண்டே போகிறார், அவ்வளவுதான். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். புகழ்ந்தால் என்ன செய்வது? தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் ஔவையார் செய்ததும் இதைத்தான். நெய் பூசி, பீலி சூட்டிப் பளபளக்கும் ஆயுதங்களை மெச்சிவிட்டு, அதியமானின் வேல்கள் முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடப்பதாகக் குறைபட்டுக்கொண்டார். எது போர் கண்ட ஆயுதம் என்று தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும்.

ராய. சொக்கலிங்கம் நடத்திய 'ஊழியன்' இதழில் சில காலம் வேலை பார்த்த புதுமைப்பித்தன் கடுமையானவர். அவருடைய 'பொன்னகரம்' 1934இல் வந்தது. தலைப்பை நம்பி உள்ளே போனால் இருண்ட சந்து. அடிபட்டுக் கிடக்கும் கணவனின் பால்கஞ்சிக்காக ஆலைக்கூலி அம்மாளு அந்த இருட்டுக்குள் போகிறாள். குத்து அவள்மேல் விழவில்லை. கற்பைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள்மேல் விழுகிறது.

இன்று குத்து விழும் இடம் மாறிவிட்டதே என்பதுதான் என் கவலை. கைபேசியில் வரும் மீம்களில் பாதி, ஒருவருடைய உடம்பையோ வட்டாரப் பேச்சையோ வேலையில்லாத பையனையோ பார்த்து இளிக்கின்றன. எளியவரைப் பார்த்துச் சிரிக்க எழுத்துத் திறமை எதற்கு? மண்டப வாசல் ஃபிளெக்ஸில் நாலு பட்டங்களோடு கும்பிடுபவரை ஒருவரும் தொடுவதில்லை.

பள்ளியும் கல்லூரியும் எழுப்பிக் கொடுத்தவர்களின் சீமையில் கொடுத்தவரைக் கேலி செய்வது நன்றிகெட்டதனம் என்பார்கள் பெரியவர்கள். இருக்கட்டும். கொடையை யாரும் பழிக்கச் சொல்லவில்லை. கொடுத்த பத்து ரூபாய்க்கு நூறு ரூபாய் விளம்பரம் தேடுவதைத்தான் சொல்கிறேன்.

அடுத்த விழா மலர் தயாரிக்கும் குழுவுக்கு ஒரு யோசனை. வாழ்த்துரைகளில் ஒன்றையாவது கவுண்டனூர் பாணியில் எழுதிப் பாருங்கள். பயம் வேண்டாம். வாழ்த்தப்பட்டவர் அதைச் சட்டம் போட்டு முகப்பில் மாட்டிவிடுவார்.