தன்னைத்தானே சுமக்கும் கட்டடம்

நாம் வகுப்பறையில் அமர்ந்து பாடம் கேட்கும்போது, நம் தலைக்கு மேலே மற்றொரு வகுப்பும் நடந்துகொண்டிருக்கிறது. நாற்காலிகள் இழுபடும் ஓசை நமக்குக் கேட்கிறது. ஆயினும் அத்தளம் நம்மீது விழுந்துவிடும் என்று நாம் ஒருநாளும் அஞ்சியதில்லை. அதனைத் தாங்கி நிற்பது எது?

பூமி எல்லாப் பொருள்களையும் தன்பால் ஈர்க்கிறது. அவ்வீர்ப்பையே எடை என்கிறோம். மேசைமீது வைத்த புத்தகம் மேசையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. மேசையும் அதே அளவு விசையுடன் புத்தகத்தை மேல்நோக்கித் தாங்குகிறது. புத்தகத்தின் எடையும் மேசை தாங்கும் விசையும் சமமாக இருக்கும்வரை அங்கே அசைவில்லை. கட்டடத்திலும் இதுவே நிகழ்கிறது. தளத்தின் சுமையை உத்தரங்கள் ஏற்கின்றன. உத்தரங்களின் சுமையைத் தூண்கள் ஏற்கின்றன. தூண்கள் அதனை அடித்தளத்தின் வழியே மண்ணுக்குள் இறக்கிவிடுகின்றன.

கட்டடத்தினுள் இயங்கும் விசைகளுள் தலையாயவை இரண்டு: அழுத்துவிசை, இழுவிசை. கரும்பலகைக்குரிய சுண்ணக்கட்டி ஒன்று இருந்தால் இவற்றை எளிதில் உணரலாம். அதனை மேசைமீது செங்குத்தாக நிறுத்தி உள்ளங்கையால் அழுத்துவோம். அது நன்கு தாங்குகிறது. அதனையே இரு கைகளாலும் பிடித்து வளைத்தால், சிறு முயற்சியிலேயே முறிந்துவிடுகிறது. வளையும்போது அதன் ஒரு பக்கம் நெருக்கப்படுகிறது, மறுபக்கம் இழுக்கப்படுகிறது. முறிவு தொடங்குவது இழுபடும் பக்கத்தில்தான்.

கான்கிரீட்டும் சுண்ணக்கட்டியின் குணமுடையதே. அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இரு தூண்களின்மேல் கிடக்கும் உத்தரம் சுமையால் சிறிது வளையும்போது, நடுப்பகுதியில் அதன் அடிப்புறம் இழுபடுகிறது. ஆகவேதான் அங்கே எஃகுக் கம்பிகளைப் பதித்துக் கான்கிரீட்டை வார்க்கின்றனர். இழுப்பைக் கம்பி ஏற்கிறது. அழுத்தத்தைக் கான்கிரீட் ஏற்கிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். மேல்வகுப்பின் தளம் தாங்கவேண்டிய சுமை எவ்வளவு? மாணவர்களும் மேசை நாற்காலிகளுமே என்று சொல்லத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். தலைக்கு 30 கிலோகிராம் வீதம் 40 மாணவர்களின் எடை 1,200 கிலோகிராம், அதாவது 1.2 டன். வகுப்பறை 9 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடையது, தளத்தின் தடிப்பு 15 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2.4 டன். எனவே அத்தளத்தின் எடை மட்டும் 22 டன்னுக்கும் அதிகம்! ஓடியாடும் மாணவர்களைக் காட்டிலும் அசையாது கிடக்கும் தளமே பெருஞ்சுமை. வந்துபோகும் சுமையை மாறுசுமை என்றும், கட்டடத்தின் சொந்த எடையை நிலைச்சுமை என்றும் கூறுவர்.

இந்நிலைச்சுமையை மறந்ததால் நேர்ந்த துயரத்தைச் சிங்கப்பூர் கண்டிருக்கிறது. சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில், 1971-ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. நியூ வோர்ல்ட் ஹோட்டல் அதில்தான் நடந்துவந்தது. 1986-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் முற்பகலில், ஒரு நிமிடத்திற்குள் அக்கட்டடம் முழுவதும் இடிந்து நொறுங்கியது. 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர்.

எரிவாயு வெடித்ததோ, அருகில் பெருவிரைவு ரயிலுக்காகத் தோண்டிய சுரங்கம் காரணமோ என்றெல்லாம் அன்று ஐயுற்றனர். விசாரணைக் குழு கண்டறிந்தது வேறு. கட்டடத்தை வடிவமைத்தபோது மாறுசுமையை மட்டுமே கணக்கில் கொண்டனர். கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை. பின்னாளில் வங்கியின் காப்பறையும் குளிரூட்டும் சாதனங்களும் சேர்ந்து சுமையைக் கூட்டின. எனினும் மூலப்பிழை முதற்கணக்கிலேயே இருந்தது.

அவ்வாறாயின் பதினைந்து ஆண்டுகள் அது நின்றது எப்படி என்று நாம் வியக்கலாம். நான்கு காகிதக் குழல்களை நிறுத்தி, மேலே ஓர் அட்டையை வைத்து, தாங்கும் அளவுக்குப் புத்தகங்களை அடுக்குவோம். பின்னர் ஒரு குழலை மட்டும் நசுக்கினால், அது சுமந்த பங்கு பக்கத்துக் குழல்களுக்குச் செல்லும், அவையும் நசுங்கும். அந்தக் கட்டடத்தின் தூண்களும் தம் எல்லையளவு சுமையோடு பல்லாண்டு நின்றன. முதலில் தளர்ந்த தூண்களின் பாரம் மற்றவற்றின்மேல் விழுந்தது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த அவை தொடர்ந்து சாய்ந்தன.

மீட்புப் பணியிலும் விசைகளை அறிந்தோரே கைகொடுத்தனர். கனத்த இயந்திரங்கள் மேலிருந்து இடிபாட்டை அசைத்தால் உள்ளே சிக்கியிருப்போர் நசுங்கிவிடக்கூடும். ஆதலின், ரயில் சுரங்கப் பணிக்காக வந்திருந்த அயல்நாட்டு வல்லுநர்கள் இடிபாட்டினுள் சிறு சுரங்கங்களைக் குடைந்து சென்றனர். எந்நேரமும் சரியக்கூடிய குவியலின் அடியில் ஊர்ந்து சென்ற அவர்தம் துணிவை என்னென்பது!

அதன்பின் 1989-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஒருவர் வரைந்த கட்டமைப்புக் கணக்கை, அதனோடு தொடர்பில்லாத மற்றொரு பொறியாளர் தாமே மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்க்கவேண்டும். கட்டி முடித்த கட்டடங்களையும் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியாளர்கள் வந்து பார்வையிடுகின்றனர். குடியிருப்புகளுக்குப் பத்தாண்டுகள், ஏனைய கட்டடங்களுக்கு ஐந்தாண்டுகள்.