கிள்ளினால் மணப்பது ஏன்?

துளசி இலையைக் கிள்ளி முகராதவர் நம்மிடையே அரியர். அவ்விலையின் அடிப்புறத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்து, நல்ல பூதக்கண்ணாடி ஒன்றின் வழியே உற்று நோக்கியவர் அவரினும் அரியர். நோக்கினால், நரம்புகளின் இடையே சிறுசிறு குழிகளும், அவற்றுள் பனித்துளி உறைந்தாற்போன்ற பளபளப்பான புள்ளிகளும் தென்படும். வாசனை குடியிருப்பது பெரும்பாலும் அப்புள்ளிகளில்தான்.

தாவர சாஸ்திரிகள் சுரப்பி ரோமம் என்று அழைக்கும் இவ்வுறுப்பு, உருவத்தில் ஒரு குட்டைக் காளானை ஒத்தது: இலையின் மேல்தோலில் பதிந்த அடிச்செல் ஒன்று, அதன்மீது குறுகிய காம்புச்செல் ஒன்று, அதற்கும் மேலே வட்டமாகக் கூடி அமர்ந்த சுரப்புச்செல்கள் நான்கு. (துளசியின் உறவான புதினாவில் இந்நான்கு எட்டாகிறது.) இச்செல்களின் தலையை மெழுகுத் தன்மையுள்ள மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது, சுரக்கும் தைலம் செல்சுவரைக் கசிந்து கடந்து, சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே சேரச் சேர, சவ்வு சுவரை விட்டு மேலெழும்பி, பொரிகின்ற அப்பளத்தின் கொப்புளம் போல உப்பி நிற்கிறது. நாம் விரல்களால் கசக்கும்போது உடைவது அக்கொப்புளமே.

இத்தனை ஜாக்கிரதை எதற்கு? துளசியின் மணத்தில் கிராம்பின் சாயலை ஊட்டுவது யூஜினால் என்னும் பதார்த்தம். பல் வைத்தியர்கள் துத்தநாக ஆக்ஸைடோடு குழைத்துச் சொத்தைப் பல்லில் அடைப்பதும் அதுதான். பூச்சிகளுக்கும் பூஞ்சைகளுக்கும் விஷமாகிய அப்பொருள், அளவு மிஞ்சினால் தன்னைப் பெற்ற செல்லையே கொல்லவல்லது. ஆதலால் அது வெளியே தள்ளப்படுகிறது. தள்ளியது இலைக்குள் திரும்பக் கசியாதபடி, காம்புச்செல்லின் பக்கச்சுவர்களும் மெழுகேறி அடைபட்டிருக்கின்றன.

அதன் ரசாயனப் பிறப்போ இன்னும் விசித்திரமானது. ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலம் படிப்படியாக உருமாறிக் கோனிஃபெரைல் ஆல்கஹால் என்னும் நிலையை எய்துகிறது. மரத்துக்கு வைரத்தை அளிக்கும் லிக்னினுக்கும் இதுவே மூலப்பொருள்களுள் ஒன்று. சுரப்புச்செல் இதனோடு அசிட்டேட் குழு ஒன்றைப் பிணைத்து, பின்னர் ஒரு நொதியின் துணையால் அக்குழுவைக் கழற்றி, யூஜினாலை உண்டாக்கிவிடுகிறது. தேக்கின் உறுதியும் துளசியின் பரிமளமும் ஒரே பண்டசாலைச் சரக்கு என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

எல்லா இலைகளும் தைலத்தை இப்படித் திண்ணையில் வைப்பதில்லை. நாரத்தை இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி குத்தியதுபோல் தெரியும் ஒளிப்புள்ளிகள், இலையின் உட்சதையில் அமைந்த தைலக் குழிகள். இலவங்கப் பட்டை மரத்தின் இலையிலோ, தனித்தனிச் செல்களே தம் சுவரில் தக்கைப் பொருளைப் பூசிக்கொண்டு, வாய் மூடிய குப்பிகளாய்த் தைலத்தை அடக்கி வைத்திருக்கின்றன. அம்மரத்தின் பட்டையில் ஓங்கி நிற்பது சின்னமால்டிஹைடு, வேரில் கற்பூரம், இலையில் மறுபடியும் நம் யூஜினால். ஆகவேதான் இலங்கையில் பட்டைத் தைலமும் இலைத் தைலமும் வெவ்வேறு விலைக்குப் போகின்றன. பின்னதை முகர்ந்தவர், மரத்தைக் காணாதவராயின், கிராம்பு என்றே சொல்வார்.