ஹஜ்ரத், நீங்களும் நாவல் படிப்பீர்களா?



தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் அமர்ந்து ஒருநாள் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். சானடோரியம் நிலையத்தில் ஏறிய எங்கள் மஹல்லாப் பெரியவர் ஒருவர் ஸலாம் கூறி எதிரே அமர்ந்தார். அவருடைய பேத்தி என்னிடம் குர்ஆன் ஓதும் மாணவி. புத்தகத்திற்குச் செய்தித்தாளால் உறை போட்டிருந்தேன். ஏதோ மார்க்கக் கிதாபு என்று எண்ணி அன்போடு வாங்கிப் புரட்டியவர், இரண்டு பக்கம் பார்த்ததும் நிமிர்ந்து, “ஹஜ்ரத், நீங்களும் நாவல் படிப்பீர்களா?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வருத்தத்தோடு கேட்டார். பல்லாவரத்தில் அவர் இறங்கும்வரை வெயிலைப் பற்றியும் பேத்தியின் ஓதலைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தோம். அவரிடம் அன்று கூறாத பதிலை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

கல்லூரியில் வரலாறு பயின்ற காலத்தில் நான் நாவல்களை விரும்பிப் படித்தவன். மத்ரஸாப் பணிக்கு வந்தபின் அப்பழக்கம் தானே நின்றுவிட்டது. யாரும் தடுக்கவில்லை, தகுதிக்குப் பொருந்தாது என்று நானே விலகிக்கொண்டேன். நந்தனத்தில் நடைபெற்ற புத்தகக் காட்சியில் என் மூத்த மகள் தன் சேமிப்பிலிருந்து நான்கு நாவல்களை வாங்கினாள். வீட்டிற்கு வந்ததும் அவற்றை என் கையில் கொடுத்து, “அத்தா, முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு நான் படிக்கிறேன்” என்றாள். அனுமதி கேட்கிறாளா, சோதனை வைக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை.

கதை நமக்குப் புதிதன்று

கதை என்றாலே பொய், பொழுதைக் கெடுப்பது என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் திருமறை யூசுப் நபியின் வாழ்வை அழகிய வரலாறாகவே நமக்கு எடுத்துரைக்கிறது. தமிழ் முஸ்லிம்களாகிய நாம் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எனப் புதிய இலக்கிய வகைகளையே தமிழுக்குத் தந்தவர்கள். நாவல் தமிழில் தோன்றிய சில ஆண்டுகளிலேயே, 1885இல், இலங்கையின் சித்தி லெவ்வை ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். நாகூரில் மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்ட சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார். அதற்கு அணிந்துரை வழங்கியவர் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர். இத்தகைய மரபில் வந்த நான் ஒரு நாவலுக்குச் செய்தித்தாள் உறை போட்டு மறைத்ததை எண்ணி இப்போது நாணுகிறேன்.

கடலோரத்து முதலாளி

நான்கில் முதலில் எடுத்தது தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்தவர் மீரான். பள்ளியில் மலையாளம் வழியாகக் கற்றவர். நெல்லையில் வத்தல் வியாபாரம் செய்தபடியே எழுதினார். இந்நாவல் முதலில் ‘முஸ்லிம் முரசு’ மாத இதழில் தொடராக வந்தது, 1988இல் நூலாயிற்று. நம் சமுதாயத்தின் குறைகளை இத்தனை கூர்மையாகச் சொன்ன கதைக்கு முதலில் இடமளித்தது நம் சமுதாய இதழே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஊரையே கைக்குள் வைத்திருக்கும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி, ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கிறார். மார்க்கத்திற்கு ஆபத்து என்பது அவர் சொல்லும் காரணம். படித்தவன் தன் முன்னால் குனிந்து நிற்கமாட்டான் என்பது அவர் உள்ளத்தில் இருக்கும் காரணம். முதலில் எனக்குச் சினமே வந்தது. மார்க்கத்தின் பெயரைச் சொல்பவர்களை இப்படியா காட்டுவது என்று நினைத்தேன். மீண்டும் படித்தபோதுதான் தெளிந்தது: கல்வியைத் தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கத்தை ஆசிரியர் எங்கும் பழிக்கவில்லை. அந்த மார்க்கத்தின் பெயரால் கல்விக்கு வேலி போட்ட ஒரு மனிதரையே பழிக்கிறார். இந்த வேறுபாட்டைக் காணாமல் நாம் எத்தனை புத்தகங்களைக் கோபத்தோடு மூடியிருப்போம்!

அதபுப் பிரம்பு

அடுத்தது அவருடைய ‘சாய்வு நாற்காலி’. 1997ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதமி பரிசைப் பெற்றது. முன்னோர் தேடிய பெருமையில் சாய்ந்து கிடக்கும் முஸ்தபாக்கண்ணு, உழைக்க மனமின்றி வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். மாளிகை மெல்ல மெல்ல எலும்புக் கூடாகிறது. மனைவி மரியம் பீவியின் மீது பாய்வதற்கு அவ்வீட்டில் ஒரு பிரம்பு இருக்கிறது. அதற்கு ‘அதபுப் பிரம்பு’ என்று பெயர்.

வாசகர்களே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அதபு என்பது நாங்கள் மத்ரஸாவில் நாள்தோறும் கற்பிக்கும் சொல். ஒழுக்கம், மரியாதை, பணிவு எல்லாம் அதற்குள் அடக்கம். அச்சொல்லைப் பிரம்பின் மீது ஒட்டிவைத்தவர்கள் கதையில் வரும் மனிதர்கள் மட்டுமா? என் தொடக்க ஆண்டுகளில் ஒரு சிறுவன் சில எழுத்துகளைத் திரும்பத் திரும்பத் தடுமாறி உச்சரித்தான். பிடிவாதம் என்று எண்ணி அடித்தேன். அவனுக்குத் திக்குவாய் என்பதை அவன் தாயார் வந்து சொன்னபின்பே அறிந்தேன். பிரம்பை நான் விட்டு ஆண்டுகள் பலவாயின. ஆனால் அந்தச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை என்பதை இந்நாவலே நினைவூட்டியது. மீரான் 2019இல் மறைந்தார். அவருக்காக துஆச் செய்வதற்கு எனக்குத் தனிக் காரணம் கிடைத்துவிட்டது.

கீரனூர் ஜாகிர்ராஜாவின் ‘மீன்காரத் தெரு’ சிறிய நாவல். ஒரே கிப்லாவை நோக்கித் தொழுகிறவர்களுக்குள்ளும் செல்வத்தாலும் தொழிலாலும் மேல்தெரு, கீழ்தெரு உண்டாவதைப் பேசுகிறது. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறோம். பெண் கொடுக்கவும் எடுக்கவும் வரும்போது தெருப் பெயரைக் கேட்கிறோம். இதைப் பற்றி நான் ஜும்ஆ மேடையில் ஒருமுறையும் பேசியதில்லை.

என் மனைவி சொன்னது

நான்காவது, ரயிலில் பெரியவர் புரட்டிய அதே புத்தகம்: சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. 2004இல் வெளிவந்தது. திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர் சல்மா. பிற்காலத்தில் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவராகவும், 2025இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனவர். ராபியா என்னும் சிறுமியைச் சுற்றியுள்ள பெண்களின் வீட்டுக்குள்ளான வாழ்வே இந்நாவல்.

என் மனக்குறைகளை மறைக்க மாட்டேன். உடல் சார்ந்த செய்திகள் சில இடங்களில் என்னைக் கூச வைத்தன. கதையில் மார்க்கம் பெரும்பாலும் தடையாகவே வருகிறது. நள்ளிரவில் முஸல்லாவில் அழுது மனம் லேசாகி எழும் பெண்களை நான் அறிவேன். என் தாயாரே அப்படிப்பட்டவர். அவரை இந்நாவலில் தேடினேன், காணவில்லை. எனவே படித்து முடித்த புத்தகத்தை அலமாரியின் மேல் வைத்துவிட்டு, மகள் கேட்டபோதெல்லாம் “இன்னும் முடிக்கவில்லை” என்று ஒரு மாதம் பொய் சொன்னேன்.

அந்த ஒரு மாதத்தில் என் மனைவி அதைப் படித்துவிட்டாள். பெரியவளானதும் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவள் அவள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதானே. உங்களுக்குத்தான் இப்போது தெரிந்திருக்கிறது” என்றாள். இருபது ஆண்டு இல்வாழ்வில், பள்ளியை விட்டு நின்ற நாளில் என்ன நினைத்தாய் என்று நான் அவளைக் கேட்டதேயில்லை. அன்றிரவுதான் கேட்டேன். அவள் சொன்னது எங்களோடு இருக்கட்டும்.

பதினெட்டாம் ஜுஸ்உ

ராபியாவைப் படித்தபோது எனக்கு வேறொரு முகம் நினைவில் எழுந்தது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய ஒரு சிறுமி. மக்ரஜ் சுத்தமாக, தேன்போல் ஓதுவாள். பதினெட்டாம் ஜுஸ்உவில் இருந்தபோது அவள் வருவது நின்றது. “குமராகிவிட்டாள் ஹஜ்ரத்” என்றார் அவள் தந்தை. “மாஷா அல்லாஹ்” என்றேன். பள்ளிக்கூடம் போகிறாளா என்று கூடக் கேட்கவில்லை. ஊர் வழக்கம் அது என்று இருந்துவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில், கையில் ஒரு குழந்தையும் விரலைப் பிடித்தபடி மற்றொன்றுமாக ஒரு பெண் ஸலாம் கூறினாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. “நான் இன்னும் பதினெட்டாவது ஜுஸ்உவில்தான் நிற்கிறேன், ஹஜ்ரத்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். காய்கறிப் பையோடு வீடு வந்து சேரும்வரை எனக்கு வேறு நினைவில்லை. அவளை நிறுத்தியது அவள் தந்தை மட்டுமல்லர். ஒரு சொல் கூடப் பேசாமல் நின்ற நானும்தான்.

நாவலைப் படித்தபின் நிர்வாகிகளிடம் பேசினேன். பெரிய பெண்களுக்கென்று லுஹருக்கும் அஸருக்கும் இடையே தனி வகுப்பு வேண்டும் என்றேன். மூன்று கூட்டங்களில் மறுப்பு, நான்காவதில் சம்மதம். இப்போது ஓர் ஆலிமா சகோதரி ஓதக் கொடுக்கிறார். ஏழு பெண்கள் வருகிறார்கள். பதினெட்டாம் ஜுஸ்உக்காரி இன்னும் வரவில்லை. சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பெரியவருக்கு என் பதில்

ஆம், நான் நாவல் படிக்கிறேன். நாவல் ஃபத்வா அன்று. எழுத்தாளர் சொல்வதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நானும் பலவற்றை ஒப்பவில்லை. ஆனால் மிம்பரில் நின்று பிறருக்கு உபதேசிக்கும் என் போன்றோருக்கு எதிரே நின்று உண்மை சொல்ல யார் இருக்கிறார்கள்? மாணவர் சொல்லார், மரியாதை தடுக்கும். மனைவியரும் பெரும்பாலும் சொல்லார். அந்த வேலையை இந்நான்கு நூல்களும் எனக்குச் செய்தன.

ஓர் ஆசையும் உண்டு. தேங்காய்ப்பட்டணத்திற்கும் துவரங்குறிச்சிக்கும் கதை கிடைத்துவிட்டது. குரோம் தோல் ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை, தோல் பதனிடும் தொழிலில் நம் மக்கள் கை தேய்ந்த பல்லாவரம், வளைகுடா வேலைக்கு மகனை அனுப்பிவிட்டு விமானச் சத்தம் கேட்கும்தோறும் அண்ணாந்து பார்க்கும் தாய்மார் வாழும் தெருக்கள், இவையும் எழுதப்படக் காத்திருக்கின்றன. இதைப் படிக்கும் இளம் சகோதர, சகோதரிகளில் ஒருவர் எழுதட்டும். குறையை எழுதுங்கள், முஸல்லாவில் அழுது எழும் அந்தத் தாயையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.

நான்கு நூல்களும் இப்போது என் மகளிடம் இருக்கின்றன. படித்து முடித்ததும் வீட்டில் மூவரும் அமர்ந்து பேசுவதாக ஏற்பாடு.

சென்ற வாரம் மஃரிபு தொழுகைக்குப்பின் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். நாவலைப் பற்றி எதுவும் பேசவில்லை. “உங்கள் பேத்திக்குப் பன்னிரண்டு வயது ஆகப் போகிறது. நாளை எது வந்தாலும் ஓதலையும் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிடாதீர்கள். பெரிய பெண்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறது” என்றேன். சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “யோசிப்போம், ஹஜ்ரத்” என்றார்.

அவர் யோசிக்கட்டும். உங்கள் வீட்டிலும் பன்னிரண்டு வயதை நெருங்கும் ஒரு பெண் குழந்தை இருந்தால், நீங்களும் யோசியுங்கள்.