சைக்கிள் கொடுத்தால் போதுமா?

தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளிக்கூடங்களிலும் சர்க்கார் உதவி பெறும் பள்ளிக்கூடங்களிலும் பதினோராம் வகுப்பு வாசிக்கும் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சைக்கிள் வழங்கப்பட்டு வருகிறது. இது நல்ல காரியம் என்பதில் இருவேறு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால், சைக்கிளைக் கொடுத்ததோடு நமது கடமை தீர்ந்துவிட்டதா? அதைப் பழுதின்றி வைத்துக்கொள்ளவும், ஆபத்தின்றி ஓட்டவும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது யார் பொறுப்பு? பொதுஜன ஊழியர்கள் இதைச் சிந்திக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

சைக்கிளின் மதிப்பை ஒரு திருஷ்டாந்தத்தால் விளக்குவோம். பீஹார் சர்க்கார் 2006-ம் ஆண்டில், ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அதன் பலனை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை 32 சதவிகிதம் உயர்ந்தது. ஆண் பெண் வித்தியாசம் 40 சதவிகிதம் குறைந்தது. பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த கிராமங்களிலேயே பலன் அதிகம்.

ஆகவே, பெண் கல்விக்குப் பெரிய சத்துரு தூரம் என்பதும், அதை வெல்லச் சைக்கிள் உதவும் என்பதும் தெளிவு. அந்தச் சைக்கிள் நின்றுவிட்டால் படிப்பும் நிற்கக் கூடும். பின்சக்கரத்தில் ஒரு கருவேல முள் தைத்தால் போதும். ஒரு நாள் பள்ளி போகவில்லை. தகப்பனார் கையில் காசில்லாவிட்டால் ஒரு வாரம் போகவில்லை. பிறகு, "வீட்டோடு இருக்கட்டும்" என்ற பேச்சு எழ எத்தனை நாழிகை ஆகும்?

முன்னெல்லாம் ஊருக்கு ஊர் வாடகைச் சைக்கிள் கடை இருந்தது. பையன்கள் அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றே பஞ்சர் ஒட்டக் கற்றார்கள். மோட்டார் சைக்கிள் பெருகியபின் பல ஊர்களில் அக்கடைகள் மறைந்தன. பெண்களுக்கோ அந்தக் கடை வாசலில் நிற்கும் சந்தர்ப்பம் அன்றும் இருந்ததில்லை. கடை போதித்ததை இனிப் பள்ளிக்கூடந்தான் போதிக்க வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பள்ளி விட்டதும் வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஆறு வாரம் போதும். சில ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஒரு பம்பு, ஒரு வாளித் தண்ணீர், உப்புத்தாள், சொல்யூஷன் இவைதாம் சாமான்கள். உள்ளூர்ச் சைக்கிள் மெக்கானிக்கை அழைத்து, கௌரவமாகச் சம்பளம் கொடுத்து, உபாத்தியாயர் ஸ்தானத்தில் நிறுத்த வேண்டும். காற்றடித்த டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அங்கே தேய்த்துச் சொல்யூஷன் தடவி, அது உலர்ந்தபின் ஒட்டுப் போடுவது, முக்கியமாக டயரின் உட்புறத்தைத் தடவி முள்ளைப் பிடுங்குவது, இவற்றை முதலில் கற்பிக்கலாம். முள்ளை விட்டுவிட்டு ஒட்டுப் போட்டால் மறுநாளே பழைய கதைதான்! சங்கிலியின் தொய்வு நீக்குவதும், பிரேக் கட்டை மாற்றுவதும், கோட்டம் எடுப்பதும் பின்னர் வரும்.

பழுது நீக்குவதும் பாதுகாப்பும் ஒரே பாடத்தின் இரு பகுதிகள். பிடிக்காத பிரேக்கோடு வைத்துக்கொண்டு சாலை விதிகளை மனப்பாடம் செய்வதில் பிரயோஜனம் என்ன? புறப்படுமுன் பிரேக், காற்று, சங்கிலி மூன்றையும் பார்க்கும் வழக்கம் வர வேண்டும். மழையில் ரிம் நனைந்தால் பிரேக் தாமதித்தே பிடிக்கும். இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் தலைகுப்புற விழ நேரும். தாவணியும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் செருகிக்கொள்ள வேண்டும். புத்தகப் பையை ஹாண்டில்பாரில் தொங்கவிடாமல் காரியரில் கட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்பும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடப்புறமாக நுழையவே கூடாது. அங்கே வருபவர் டிரைவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். இருட்டில் விளக்கும், பின்னால் ஒளி பிரதிபலிக்கும் வில்லையும் அவசியம். இவற்றை அறியாமல் ஒரு குழந்தை உயிரிழந்தால், அதை விதியென்று சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியுமா?

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது வீண் வேலை என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். பௌதிகப் புத்தகத்தில் நெம்புகோல் என்றும் உராய்வு என்றும் உருப்போடுவதை, பெடலிலும் பிரேக்கிலும் கண்ணால் காண்பது வீணாகுமா? கையில் எண்ணெய்க் கறை படுவது இழிவு என்ற எண்ணம் இன்னும் எவருக்காவது இருந்தால், அதை ஒழிக்கவும் இதைவிடச் சிறந்த உபாயம் இல்லை.

புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் கற்றார்கள். கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். தொண்டர்கள் கூட நின்று கற்றுக்கொடுத்ததாலேயே அது நடந்தது. அன்று ஓட்டக் கற்பித்தோம். இன்று பழுது நீக்கக் கற்பிப்போம். உத்தரவு வரட்டும் என்று காத்திராமல், ஒவ்வோர் ஊரிலும் நாலு பேர் தலைமை உபாத்தியாயரை அணுகி ஒரு மாலை வகுப்பை ஆரம்பிக்கட்டும். தன் சைக்கிளைத் தானே சீர்செய்து ஏறிச் செல்லும் பெண்ணை வழியில் நிறுத்த எந்த முள்ளாலும் முடியாது.